மரப் பேலட்டும் நனைந்த நெல்லும்

பேலட் என்றால் என்ன என்று கேட்டால், பத்துப் பேரில் நாலு பேர் ஓவியர் கையில் இருக்கும் சாயப் பலகை என்பார்கள். இன்னும் இரண்டு பேர் கோழித் தீவனம் என்பார்கள். மீதி நாலு பேர் "தெரியாது, அதுக்கென்ன இப்போ?" என்பார்கள். ஆனால் பத்துப் பேரும் பேலட்டைப் பார்த்திருப்பார்கள். சிமெண்ட் கடையில் மூட்டைகளுக்கு அடியில் கிடக்குமே ஒரு மரச் சட்டம், தண்ணீர் கேன் ஏஜென்சியில் கேன்களைத் தாங்கிக்கொண்டு நிற்குமே, பழைய சாமான் கடை வாசலில் பத்துப் பதினைந்து ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்குமே... அதுதான். மேலே பலகை, கீழே பலகை, நடுவில் கட்டை. கீழே கிடப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதன் வேலையே கீழே கிடப்பதுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் இந்த ஒரு சாமானை வைத்து ஒரு பாடமே நடத்தலாம். தூரம் சுமார் 45 கிலோமீட்டர். கடலூரை விட்டுக் கொஞ்சம் தள்ளியதும் சிப்காட் தொழிற்பேட்டை வரும். அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகிற ரசாயனப் பீப்பாய் பேலட் மேல் ஏறி, பட்டை கட்டி, முத்திரை குத்தி, ராஜா மாதிரி போகும். அதே சாலையில் தெற்கே போய்ச் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் திரும்பினால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள். அங்கே நெல் மூட்டை தரையில் கிடக்கும். மழை வந்தால் நனையும்.

பீப்பாய்க்குக் கிடைக்கிற அரையடி உயரம் நெல்லுக்கும் கிடைக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். அதற்கு முன், பேலட் என்கிற சங்கதியை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது நல்லது.

சும்மாடும் சுமைதாங்கியும்

பேலட் வருவதற்கு முன்னால் உலகம் பூராவும் ஒரே முறைதான். மூட்டையை ஒருவர் தூக்கிவிட, இன்னொருவர் தலையிலோ முதுகிலோ வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். தலைக்குச் சும்மாடு. வழியில் இளைப்பாறச் சுமைதாங்கிக் கல். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் நட்டு வைத்த கல் அது. ஆள் குனியாமல் சுமையை இறக்கி வைக்கிற உயரத்தில் இருக்கும். காரணம், தரையில் இறக்கி வைத்த மூட்டையைத் தனியாளாக மறுபடி தலைக்கு ஏற்ற முடியாது. சுமையைத் தரை வரைக்கும் கொண்டுபோகக் கூடாது என்பதை அந்தக் கல்லை நட்டவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். பேலட்டின் தத்துவமும் அதுவேதான்.

கடலூர் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளலாம். பல காலம் அங்கே பெரிய கப்பல் கரைக்கு வர முடியாமல் இருந்தது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் மாறிக் கரைக்கு வரும். கப்பலிலிருந்து தோணி, தோணியிலிருந்து கரை, கரையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து லாரி. ஒரே மூட்டை நாலு தடவை கை மாறும். ஒவ்வொரு தடவையும் கூலி, நேரம், கிழிசல், சிந்தல்.

1931-ல் அமெரிக்க ரயில்வே தொழில் பத்திரிகை ஒன்றில் ஒரு கணக்கு வந்தது. ஒரு ரயில் பெட்டியிலிருந்து டப்பா உணவு அடைத்த 13,000 பெட்டிகளைக் கையால் இறக்க மூன்று நாள் ஆனது. அதே சரக்கைப் பேலட் மேல் அடுக்கி அனுப்பியபோது நாலே மணி நேரம். மந்திரமில்லை, மாயமில்லை. அடியில் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு முள் நுழைய ஒரு சந்து இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பேலட்டை லட்சக்கணக்கில் பயன்படுத்தியது. போர் முடிந்து அவர்கள் ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன பேலட்டுகளையும் ஃபோர்க்லிஃப்டுகளையும் வைத்து அந்நாட்டு அரசு ஒரு பொதுச் சேமிப்பு அமைப்பை நடத்தியது. இன்று உலகம் முழுக்க நீல நிறப் பேலட்டை வாடகைக்கு விடும் 'செப்' நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஐரோப்பாவில் ரயில்வே நிறுவனங்கள் கூடி 1961-ல் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரே அளவை நிர்ணயித்தன. அதுதான் யூரோ பேலட்.

கண்டெய்னருக்குக் கிடைத்த புகழ் பேலட்டுக்குக் கிடைக்கவில்லை. 1956-ல் மால்கம் மெக்லீன் 58 கண்டெய்னர்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியதைத் தளவாடப் போக்குவரத்து படிக்கிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் சரக்கை ஏற்றி இறக்குவது எப்படி என்று வந்தால் அங்கே பேலட் நிற்கும்.

என்னென்ன வகை?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஸ்டிரிங்கர் பேலட். மூன்று நீளக் கட்டைகளை இணையாகப் போட்டு, மேலும் கீழும் பலகை அடித்தது. ஃபோர்க்லிஃப்ட் முள் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான் நுழையும். பக்கவாட்டில் கட்டை மறிக்கும். அதனால் இதற்கு 'இருவழிப் பேலட்' என்று பெயர். அந்தக் கட்டைகளின் அடியில் காடி வெட்டிவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் நாலு பக்கமும் நுழையும். ஆனால் காடி வெட்டிய இடத்தில் கட்டை பலவீனமாகிவிடும். செய்வது எளிது, விலை குறைவு. உள்ளூர்ப் பட்டறைகளில் அடிப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

பிளாக் பேலட். நீளக் கட்டைக்குப் பதில் ஒன்பது கட்டைத் துண்டுகள், வரிசைக்கு மூன்று. நாலு பக்கமும் திறந்திருக்கும். இடுக்கான கிடங்கில் வண்டியைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டாம். யூரோ பேலட் இந்த வகை. 1200-க்கு 800 மி.மீ. அளவு, 144 மி.மீ. உயரம், 78 ஆணி. எண்ணி அடிக்க வேண்டிய ஆணி! அதில் ஒன்றரை டன் ஏற்றலாம்.

ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு. மேலே மட்டும் பலகை இருந்தால் ஒற்றைத் தட்டு. கீழேயும் இருந்தால் இரட்டைத் தட்டு. ஒரு பேலட் மூட்டைகளின் மேல் இன்னொரு பேலட்டை அடுக்கும்போது இரட்டைத் தட்டுதான் நல்லது. பாரம் பரவலாக இறங்கும், சாக்கு கிழியாது. மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தால் புரட்டிப் போட்டும் பயன்படுத்தலாம். ஆனால் கையால் தள்ளும் பேலட் டிராலி அதற்குள் வேலை செய்யாது, சக்கரம் கீழ்ப் பலகையில் முட்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு :-)

நெருக்கப் பலகைப் பேலட். பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விடாமல் அடித்தது. சாக்கு மூட்டை, காகிதப் பை போன்றவற்றுக்கு. இடைவெளி இருந்தால் அதில் பை தொய்ந்து கிழியும். அதே சமயம் இடைவெளி இருந்தால்தான் காற்று போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் வேண்டும். நெல்லுக்கு வரும்போது இது முக்கியம்.

ரசாயனப் பேலட். ஐரோப்பிய ரசாயனத் தொழில் தனக்கென்று சி.பி.1 முதல் சி.பி.9 வரை ஒன்பது வகைகளை வகுத்துக்கொண்டது. 200 லிட்டர் பீப்பாய் நாலு உட்காருவதற்கு 1140-க்கு 1140 என்ற சதுர அளவு தோது. மூட்டைக்கு ஒன்று, பீப்பாய்க்கு ஒன்று என்று அளவெடுத்துச் சட்டை தைத்த மாதிரி.

பெட்டிப் பேலட். நாலு பக்கமும் சுவர் வைத்தது. பழம், காய்கறி, உதிரிப் பாகம் போன்றவற்றுக்கு. பண்ருட்டிப் பலாப்பழத்துக்கு இந்த யோகம் இன்னும் அடிக்கவில்லை. லாரியில் கொட்டித்தான் போகிறது.

அளவில் இன்னொரு கூத்து. ஐ.எஸ்.ஓ. தரத்தில் ஆறு அளவுகள் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று (48-க்கு 40 அங்குலம்), ஜப்பானுக்கு ஒன்று (1100-க்கு 1100 மி.மீ.). கண்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். ஜப்பான் அளவில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2.2 மீட்டர், கச்சிதம். அளவு பொருந்தாவிட்டால் நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கும் கப்பல் வாடகை உண்டு. காற்றுக்கு வாடகை கொடுப்பது என்று இதைத்தான் சொல்வார்கள்.

தாங்கும் எடையிலும் மூன்று கணக்கு. தரையில் அசையாமல் கிடக்கும்போது ஒன்று, ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போது ஒன்று, கிடங்கு ரேக்கில் இரு விளிம்பு மட்டும் தாங்கும்போது ஒன்று. தரையில் கிடக்கும்போதுதான் அதிகம் தாங்கும். ரேக்கில்தான் குறைவு. மட்டமான பேலட்டுகூடத் தரையில் கிடந்தால் நல்ல பாரம் தாங்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளவும். பின்னால் வேண்டியிருக்கும்.

மரத்துக்கும் ஒரு பாஸ்போர்ட்

ஏற்றுமதிப் பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில் ஒரு முத்திரை இருக்கும். நெற்கதிர் போலத் தெரியும், கோதுமைக் கதிர். பக்கத்தில் நாட்டின் குறியீடு, தயாரிப்பாளர் எண், எச்.டி. அல்லது எம்.பி. என்று இரண்டு எழுத்து. மரத்துக்கு எதற்கு இந்த பாஸ்போர்ட்?

1996-ல் நியூயார்க்கில் நிழல்தரும் மரங்களை ஒரு வண்டு துளைத்துக் கொல்வதைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து சரக்குக் கட்டி வந்த மரப் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் ஒளிந்து வந்த நீளக்கொம்பு வண்டு அது. அதன் பிறகு பச்சை மரத்தைச் சும்மா நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது என்றானது. 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. பட்டையை உரிக்க வேண்டும். மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைக்க வேண்டும். அதுதான் எச்.டி. அல்லது மெத்தில் புரோமைடு புகை போட வேண்டும். அது எம்.பி. அந்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. ஒட்டுப்பலகை, அழுத்திய மரத்தூள் இரண்டும் ஏற்கெனவே சூட்டில் வெந்தவை என்பதால் அவற்றுக்கு இந்த விதி கிடையாது.

ஆக, எங்கோ ஒரு நாட்டின் மரத்தைப் பூச்சி அரிக்கக் கூடாது என்று இங்கே ஒரு கட்டையைச் சுட்டு, சோதித்து, முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். நல்ல விஷயம். அவர்கள் சட்டத்துக்கு இங்கே கட்டுப்படுகிறார்கள், காரணம் கட்டுப்படாவிட்டால் சரக்கு திரும்பி வரும். யாரோ ஒருவர் கண்டிப்பாகக் கேட்டால் எல்லாம் நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

அதே சாலையின் மறுபக்கம்

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்ப, அதை நம்பி நெல். காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி என்று ஐந்து ஒன்றியங்களை 2020-ல் வந்த சட்டம் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலத்தில் சேர்த்தது. மண்ணுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. அந்த மண்ணில் விளைந்து மூட்டையில் கட்டிய நெல்?

கொள்முதல் நிலையத்தில் நடப்பது எல்லோரும் அறிந்ததுதான். விவசாயி நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார். ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தூற்றி, 40 கிலோ எடை போட்டு, சாக்கைத் தைத்து அடுக்குவார்கள். லாரி வந்து கிடங்குக்கோ அரவை ஆலைக்கோ எடுத்துப் போக வேண்டும். லாரி உடனே வந்துவிட்டால் ஒரு பிரச்சனையும் இல்லை. வருவதில்லையே! குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முட்டி நிற்கும். சம்பா அறுவடையின்போது ஜனவரி, பிப்ரவரியில் எதிர்பாராத மழை வரும். ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்பதும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதும் பல வருடங்களில் நடந்த காட்சி.

மழை மேலிருந்து மட்டும் வந்தால் தார்ப்பாய் போதும். தார்ப்பாய் மேலே மூடும். தண்ணீர் கீழே ஓடும். சணல் சாக்கு விளக்குத் திரி மாதிரி, ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். அடி வரிசை மூட்டை மேலே பத்து மூட்டை பாரத்தோடு ஈர மண்ணில் அழுந்திக் கிடக்கும். காற்று போக வழி இல்லை. உள்ளே சூடு ஏறும், நெல் நிறம் மாறும், பூஞ்சை பிடிக்கும், சில நாளில் முளைவிடும். சாக்கின் தையல் வழியாகப் பச்சை எட்டிப் பார்க்கும் படங்கள் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், இது அதிகாரிகளுக்குத் தெரியாத சமாச்சாரமே கிடையாது. உணவுக் கழகக் கிடங்குகளில் தானிய மூட்டையை வெறும் தரையில் அடுக்கக் கூடாது, மரச் சட்டம் போன்ற ஏதாவது ஒன்றின் மேல்தான் அடுக்க வேண்டும் என்பது நடைமுறை. காங்கிரீட் தளமும் கூரையும் உள்ள கிடங்குக்குள் மரச் சட்டம் உண்டு. வெட்டவெளியில் மண் தரையில் இருக்கிற கொள்முதல் நிலையத்தில் இல்லை. எங்கே அதிகம் தேவையோ அங்கே இல்லை. பாட்டன் காலத்துப் பத்தாயத்துக்கே கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கித்தானே வைத்தார்கள்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்து குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சரியாக 1,000 ரூபாய். கணக்கு போட இதைவிடச் சுலபமான எண் கிடைக்காது.

1200-க்கு 1000 அளவுள்ள பேலட் ஒன்றின் மேல் அடுக்குக்கு மூன்று மூட்டை உட்காரும். எட்டு அடுக்கு வைத்தால் 24 மூட்டை, 960 கிலோ, 24,000 ரூபாய் நெல். தரையில் அடுக்கினால் முதலில் போவது அடி வரிசை மூன்று மூட்டை, அதாவது 3,000 ரூபாய். புதுப் பேலட் ஒன்று மரத்தையும் அளவையும் பொறுத்து ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். ஒரே ஒரு மூட்டையைக் காப்பாற்றினால் பேலட் காசு வந்துவிட்டது. கவனமாக வைத்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கும் அதே பேலட். காமர்ஸ் படிக்கிற எந்த மாணவரும் இதைவிட லாபகரமான முதலீட்டைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்க மாட்டார்.

இங்கே ஏற்றுமதித் தரமும் வேண்டியதில்லை. 78 ஆணி எண்ண வேண்டாம், கோதுமைக் கதிர் முத்திரை வேண்டாம். இந்தப் பேலட்டை யாரும் தூக்கப் போவதில்லை. கிடந்த இடத்தில் கிடந்து பாரம் தாங்கினால் போதும். மேலே சொன்ன மூன்று கணக்கில் எளிதான கணக்கு. சவுக்கும் தைலமரமும் விளைகிற மாவட்டத்தில் இதற்கு மரப் பஞ்சமா?

நாலு கேள்விகள்

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்விகள் சில உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு.

முதலாவது, "சிப்காட்டில் பழைய பேலட் கிடக்கிறதே, அதைக் கொண்டுவந்து போட்டால் செலவே இல்லையே?" கேட்க நன்றாக இருக்கும். செய்யவே கூடாத காரியம். ரசாயனப் பீப்பாய் இருந்த பேலட்டில் என்ன சிந்தியது, எது மரத்துக்குள் ஊறியது என்று யாருக்கும் தெரியாது. மரம் எதையும் குடித்துவிடும். சாப்பிடும் நெல்லை அதன் மேல் வைக்கக் கூடாது. எம்.பி. முத்திரை உள்ளதும் வேண்டாம். நெல்லுக்கென்று தனியாக அடித்த பேலட்தான் சரி. (பழைய பேலட்டை வாங்கி வீட்டில் கட்டில், ஊஞ்சல் செய்கிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.)

இரண்டாவது, "கரையான் அரிக்கும், இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக விறகுக்குப் போய்விடும்." இரண்டும் நடக்கக்கூடியதுதான். ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடந்தால் எந்த மரமும் மட்கும். செங்கல் அல்லது ஜல்லி பரப்பி அதன் மேல் போட வேண்டும், பருவம் முடிந்ததும் எடுத்து உலர்த்தி அடுக்க வேண்டும். கள்ளத்தனத்துக்கு எண் போட்டுக் கணக்கு வைக்க வேண்டும். எடைத் தராசுக்கும் சாக்குக்கும் கணக்கு வைக்கிற இடத்தில் பேலட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்க முடியாதா? மரம் சரிவராத இடத்தில் பிளாஸ்டிக் பேலட் போடட்டும். விலை கூடுதல், ஆனால் கரையானுக்கு வேலை இல்லை.

மூன்றாவது, "உண்மையான வியாதி லாரி தாமதம். அதை விட்டுவிட்டுக் கட்டையைப் பற்றிப் பேசுவதா?" இதுதான் இருப்பதில் வலுவான கேள்வி. வாங்கிய நெல் அன்றன்றே போய்விட்டால் பேலட்டே தேவையில்லை. கிடங்கு போதவில்லை, ஆலை அரைத்து முடிக்கவில்லை, லாரி வரவில்லை என்று காரணங்கள் சங்கிலியாக இருக்கின்றன. அந்தச் சங்கிலியைச் சரிசெய்ய வருடங்கள் ஆகும். மழை அதுவரை காத்திருக்காது. வைத்தியம் நடக்கிறபோதே காயத்தில் கட்டுப் போடுவது தப்பில்லை. அதே சமயம் "பேலட் போட்டாச்சு, இனி லாரி மெதுவா வரலாம்" என்று யாரும் சாக்குச் சொல்லவும் விடக் கூடாது.

நாலாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சுமை தூக்கும் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி. மூன்று நாள் வேலை நாலு மணி நேரத்தில் முடிந்தது என்று 1931 கணக்கை வியந்து படிக்கிறோம். மீதி நாட்களின் கூலி எங்கே போனது? உலகத் துறைமுகங்களில் பேலட்டும் கண்டெய்னரும் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அதை மறைத்துவிட்டுப் பேலட்டைப் புகழ்வது நேர்மையில்லை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் கேட்பது ஃபோர்க்லிஃப்டை இல்லை. மூட்டைக்கு அடியில் ஒரு சட்டம். அதனால் ஒரு ஆள் வேலையும் போகாது. இன்னும் சொன்னால், நனைந்து கனத்த மூட்டையைத் தூக்குகிறவருக்கு அதனால் நன்மைதான். 40 கிலோ நெல் ஈரம் குடித்த பிறகு 40 கிலோவாக இருப்பதில்லை. கூலியோ அதே மூட்டைக் கணக்கு. ஒரு ஆண் தொழிலாளி சுமக்க 55 கிலோதான் உச்சம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்தது. தமிழ்நாட்டில் உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-லேயே சட்டம் உண்டு. நாளைக்குக் கைப் பேலட் டிராலி வருகிறது என்றால், இவர்களோடு உட்கார்ந்து கூலியைப் பேசி முடித்த பிறகுதான் வர வேண்டும்.

கடைசியாக

வாங்கும் வரை நெல் விவசாயியுடையது. நனைந்தால் அவருக்கு நஷ்டம். வாங்கிய பிறகு அரசுடையது. நனைந்தால் அது ரேஷன் கடையில் நிற்கிறவர் தட்டில் போய் முடியும். யாருடையதும் இல்லை என்று ஒரு நிமிடம்கூட அந்த நெல் இருப்பதில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு வாங்குகிறவர் "பேலட் இல்லாமல் எடுக்க மாட்டேன்" என்கிறார், கிடைக்கிறது. நெல்லை வாங்குவது நுகர்பொருள் வாணிபக் கழகம். அதுவே தன் நிலையங்களுக்கு அப்படி ஒரு விதி போட்டுக்கொள்ளலாம்: தைத்த மூட்டை மண்ணைத் தொடக் கூடாது. ஒரு வரி விதி.

எல்லா நிலையங்களுக்கும் ஒரே நாளில் வேண்டாம். கடைமடையில், தண்ணீர் தேங்குகிற தாழ்வான இடங்களில் இருக்கிற சில நிலையங்களில் ஒரு பருவம் போட்டுப் பார்க்கட்டும். எத்தனை மூட்டை நனைந்தது, எத்தனை தப்பித்தது என்று எண்ணி எழுதட்டும். கணக்கு சரியாக வந்தால் மற்ற இடங்களுக்கும் போகட்டும்.

2022 முதல் தமிழ்நாட்டில் கொள்முதல் பருவம் செப்டம்பர் 1-ஆம் தேதியே தொடங்குகிறது. மழை அக்டோபரில். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மரமும் ஆணியும் கொடுத்தால் ஒரு தச்சர் ஒரு நாளில் பல பேலட் அடித்துவிடுவார்.